ஜிப் செய்தும் குறையாத இணைப்பு

ஆசிரியருக்கு,

மின்னஞ்சலில் கோப்பு போக மறுத்தால் 'ஜிப் பண்ணி அனுப்பு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி நேரம் அது வீண் வேலை. திரும்பத் திரும்ப வரும் தகவலைச் சுருக்கி எழுதுவதுதான் ஜிப்பின் வேலை. அதனால் வெறும் எழுத்துக் கோப்பும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்து எழுதிய அட்டவணை) பட்டியலும் பல மடங்கு இளைக்கும். ஜேபெக் படம், எம்பி4 வீடியோ, எம்பி3 பாட்டு எல்லாம் ஏற்கெனவே பிழிந்தெடுத்தவை. ஜிப்பில் போட்டாலும் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலே அதிகம். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பே ஒரு ஜிப்தான். நகலெடுத்து, பெயரின் கடைசியில் .docx என்பதை .zip என்று மாற்றித் திறந்தால் 'மீடியா' என்ற கோப்புறையில் படங்கள் முழு கனத்தோடு இருக்கும்.

ஆகவே முதலில் கோப்புக்குள்ளேயே கை வைக்க வேண்டும். வேர்டில் ஒரு படத்தைக் கிளிக் செய்து, 'பிக்சர் ஃபார்மட்' பகுதியில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' எடுங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை நீக்கிவிட்டு 150 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை படப்புள்ளிகள்) வையுங்கள். 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்பதில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் வெட்டி மறைத்த பகுதி கோப்பிலேயே தங்கியிருக்கும். பெறுபவர் அதை மீட்டுப் பார்க்கலாம். அளவைவிட இது பெரிய தலைவலி.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் பெருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கேனரில் வைத்த அமைப்புதான். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஒரு ஏ4 பக்கம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். 150 டிபிஐ-யில் அதில் கால் பங்கு. அச்சடித்த கடிதத்துக்கு 200 டிபிஐ, கறுப்பு வெள்ளைச் சாயல் போதும். வண்ணம் தேவைப்படுவது முத்திரைக்கும் படத்துக்கும்தான்.

ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. ஆனால் இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கிறது; மூன்று பைட் நான்காகிவிடும். அதனால் 18 எம்பி-யைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பெறுபவரின் சர்வர் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அனுப்பிய பிறகு கடிதம் திரும்பி வரும். இன்னும் பெரியது என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி அதன் லிங்கை அனுப்பலாம்; பார்க்கும் அனுமதி கொடுக்க மறக்கக் கூடாது.

அப்படியானால் ஜிப் எதற்கு? நாற்பது கோப்புகளை ஒரே பொட்டலமாக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்தால் மெனுவிலேயே அந்த வசதி இருக்கிறது. உள்ளே இஎக்ஸ்இ கோப்பு (விண்டோஸில் இயங்கும் நிரல்) இருந்தால் ஜிமெயில் ஜிப்பையும் தடுத்துவிடும். தமிழில் பெயர் வைத்த கோப்புகள் சில பழைய மென்பொருளில் புரியாத குறிகளாகத் தெரியும். ஆங்கில எழுத்துகளில் பெயரிட்டால் சிக்கல் இல்லை. பெறுபவர்களும் ஜிப்புக்குள்ளிருந்தே கோப்பைத் திறந்து திருத்த வேண்டாம். அது தற்காலிக நகல். திருத்தம் பெரும்பாலும் காணாமல் போகும். முழுவதையும் வெளியே எடுத்து வைத்துவிட்டே திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்