குமார் ராக்கரை ஸ்டார்ட்டராகவே வளர்த்தெடுங்கள்: ரேஞ்சர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு மடல்

டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவர் கிறிஸ் யங் அவர்களுக்கும் அவருடைய தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

2025 பருவத்தில் உங்கள் பிட்சர் (பந்து வீச்சாளர்) குமார் ராக்கர் 14 ஆட்டங்களை ஸ்டார்ட்டராக, அதாவது முதல் பந்திலிருந்தே வீசுபவராக, தொடங்கினார். மொத்தம் 64 இன்னிங்ஸ் சொச்சம், இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் சேரும் ரன்களின் சராசரி; குறைந்தால் நல்லது) 5.74. இடையில் தோள் வலியால் ஓய்வு. ஆகஸ்டில் அவரை மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகுக்கு அனுப்பினீர்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த நேரத்தில் அதுதான் சரி. நான் கேட்பது அடுத்த கட்டத்தைப் பற்றி. அவரை இப்போதே புல்பென்னுக்கு, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசுபவர்களோடு, மாற்றிவிடாதீர்கள். முறை வைத்து ஆட்டங்களைத் தொடங்கும் முதல் ஐவரில் இடம் இல்லையென்றால் ஆறாவது, ஏழாவது ஸ்டார்ட்டராக வைத்து, முறை தவறாமல் வீச வையுங்கள்.

ஆறாவது ஆள் எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களையும் ஐந்தே பேர் தொடங்கி முடித்த அணி என்றால் 2003 சியாட்டில் மரினர்ஸ்தான் உடனே நினைவுக்கு வருகிறது. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதை ஓர் அதிசயமாகவே பேசுகிறோம். உங்கள் அணியையே பாருங்கள். உங்கள் ஸ்டார்ட்டர்களில் ஜேக்கப் டிகிராம் 1988இல் பிறந்தவர், நேதன் இயோவால்டி 1990இல் பிறந்தவர். இயோவால்டி 2025இல் 1.73 இஆர்ஏ என்ற அபாரமான பருவத்தைத் தந்தார். ஆனால் உடம்பு 22 ஆட்டங்களுக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. விட்டுப்போகிற ஆட்டங்களை யாராவது தொடங்கத்தான் வேண்டும். அந்த யாரோ ஒருவர் ஐந்து இன்னிங்ஸ் தாங்கினால் புல்பென் பிழைக்கும். இரண்டாவது இன்னிங்ஸிலேயே சரிந்தால் அடுத்த மூன்று நாள் ஆட்டமும் சேர்ந்தே கெடும்.

கிறிஸ் அவர்களே, இந்த வேலையை நீங்களே செய்தவர். தோள் பகுதியில் அறுவை சிகிச்சை முடிந்து மீண்டு வந்த உங்களை 2015இல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் மிகக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்தது. அந்த வருடம் 34 ஆட்டங்களில் இறங்கினீர்கள், அதில் 18 ஸ்டார்ட். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம், வழக்கமான ஒன்பதைத் தாண்டி 14 இன்னிங்ஸ் வரை இழுத்தபோது, கடைசி மூன்று இன்னிங்ஸையும் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் வீசி வென்றீர்கள். நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியதும் நீங்கள்தான். வரிசையில் நிரந்தர இடம் இல்லாத ஒரு பிட்சர் ஒரு சாம்பியன் அணிக்கு என்ன தர முடியும் என்று உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ராக்கர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய அம்மாவின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து அமெரிக்கா வந்தவர்கள். குமார் என்ற பெயரை இந்த ஆட்டத்தில் கேட்கும்போது என்னைப் போன்றவர்களுக்கு வரும் பெருமையை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்காகப் பரிந்து பேசவில்லை. 2019 ஜூனில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக, டியூக் அணிக்கு எதிராக அவர் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் வீசிய நோ-ஹிட்டரைப் பாருங்கள். முதல் வருட மாணவர், 19 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது). அன்று அவருடைய ஸ்லைடர் என்ற வளையும் பந்து பேட்டரின் முழங்கால் உயரத்துக்கு நேராக வந்து, பேட் கிளம்பிய பிறகு தரையை நோக்கி விழுந்தது. பந்து மண்ணில் பட்ட பிறகும் பேட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த அவருடைய முதல் மேஜர் லீக் ஆட்டத்திலும் நான்கு இன்னிங்ஸில் ஏழு ஸ்ட்ரைக்அவுட். அந்தப் பந்து இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

சிக்கலும் அதிலேயேதான் தொடங்குகிறது. ஒரே ஒரு தரமான பந்தை வைத்து ஒன்பது பேர் கொண்ட பேட்டிங் வரிசையை ஒரு சுற்று கடக்கலாம். இரண்டாவது சுற்றில் பேட்டர் அதற்காகவே காத்திருப்பார், மூன்றாவதில் கேட்கவே வேண்டாம். ராக்கர் போன்ற வலக்கையரின் ஸ்லைடர் இடக்கை பேட்டரின் பக்கமாகவே உள்ளே வளைவதால், அவருக்கு அது கூடுதல் நேரம் கண்ணில் படும். ஆகவே ராக்கரை எடைபோடும்போது வேகத்தையும் ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இடக்கையருக்கு எதிராக அவர் கட்டரையோ (கடைசியில் லேசாக விலகும் வேகப்பந்து) சேஞ்ச்-அப்பையோ (வேகப்பந்து போலக் கிளம்பி மெதுவாக வருவது) துணிந்து வீசுகிறாரா? 2-0 (இரண்டு பால், ஸ்ட்ரைக் இல்லை) என்று பின்தங்கிய நிலையில் ஃபாஸ்ட்பாலை ஹோம் பிளேட்டின் ஓரத்தில் வைக்க முடிகிறதா, நடுவில் போட்டுவிடுகிறாரா? 70 பந்துகள் தாண்டிய பிறகும் கை அதே உயரத்தில் வருகிறதா? ஓர் ஆறாவது ஸ்டார்ட்டரை நம்பலாமா என்பதை இவைதான் காட்டும். 64 இன்னிங்ஸின் இஆர்ஏவை வைத்து அதைச் சொல்ல முடியாது. இரண்டு மோசமான மாலைகள் போதும் அந்த எண்ணைக் கெடுக்க.

அவர் உடம்பைப் பற்றிய கவலை நியாயமானது. அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2021 டிராஃப்டில் அவரைப் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்த நியூயார்க் மெட்ஸ் அணி, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவே இல்லை. மறு வருடம் மூன்றாவது தேர்வாக நீங்கள் எடுத்தீர்கள். 2023 மே மாதம் டாமி ஜான் எனப்படும் முழங்கை அறுவை சிகிச்சை. இத்தனைக்கும் பிறகு, ஒரு இன்னிங்ஸ் மட்டும் முழு வேகத்தில் வீசட்டும், ஸ்லைடர் ஒன்றே போதும் என்று சொல்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கதவு இரண்டு வருடம் கழித்தும் திறந்தேதான் இருக்கும். புல்பென்னில் பழகிவிட்டவரை மறுபடி ஐந்து இன்னிங்ஸுக்குத் தயார்படுத்துவதுதான் கடினம்.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவருடைய கல்லூரித் தோழரே உங்கள் அணியில் இருக்கிறார். பிட்சர் ஜாக் லைட்டரின் இஆர்ஏ 2024இல் 8.83. அன்று அவரையும் எத்தனையோ பேர் கைகழுவச் சொன்னார்கள். அடுத்த வருடமே 29 ஸ்டார்ட், இஆர்ஏ 3.86.

இன்னொன்று. ஒரு பிட்சரை ஒரே பருவத்தில் ஐந்து முறை வரை மைனர் லீகுக்கு அனுப்ப விதி இடம் தருகிறது. அனுப்பினால், காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக என்றாலொழிய, 15 நாள் அங்கேயே இருக்க வேண்டும். காகிதத்தில் இது தாராளமாகத் தெரியும். புதிதாக ஒரு பந்தைக் கற்றுக்கொண்டிருக்கும் பையனை உங்கள் மைதானம் இருக்கும் ஆர்லிங்டனுக்கும் மைனர் லீக் அணி இருக்கும் ரவுண்ட் ராக்குக்கும் இடையே அலையவிட்டால், அவன் ஒவ்வொரு முறையும் தப்பிப்பதற்காகப் பழைய ஸ்லைடரையே பிடிப்பான். யாருடைய கையோ வலிக்கிறது என்று ஒரே ஓர் ஆட்டத்துக்கு அவரை மேலே இழுக்காதீர்கள். கூப்பிடுவதானால், மூன்று நான்கு ஸ்டார்ட் உறுதி என்று முன்கூட்டியே சொல்லிக் கூப்பிடுங்கள். அதுவரை ரவுண்ட் ராக்கில் ஆறு நாளைக்கு ஒரு முறை, எதிரணியில் எத்தனை இடக்கையர் இருந்தாலும் சரி, மூன்றாவது சுற்று வரை அவரைப் பந்து வீசும் மேட்டிலேயே நிற்க விடுங்கள்.

இப்படிக்கு,
டாலஸ் பகுதியில் வசிக்கும் ஒரு ரேஞ்சர்ஸ் ரசிகன்