காற்றையும் அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் ஊர் கிருஷ்ணகிரி. இரவிலும் லாரிகள் ஓய்வதில்லை. நெடுஞ்சாலையோரம் குடியிருக்கும் நான் காலையில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணி கறுத்துவிடுகிறது. மாலைக்குள் மறுபடியும் அதே கரி. பக்கத்துத் தோப்பில் சாலையைப் பார்த்து நிற்கும் மாமரங்களின் இலையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. மழை பெய்தால்தான் பச்சை தெரிகிறது.

தொழிற்சாலைகள் வரட்டும். என் மகனே ஓசூருக்குத்தான் வேலைக்குப் போகிறான். ஆனால், சாலையை அகலப்படுத்த வாகனங்களை எண்ணுகிறவர்கள் காற்றையும் அளக்க வேண்டாமா? மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் பி.எம். 2.5 என்ற நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009 முதல் நம் நாட்டின் வரம்பு. உலகச் சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்ததோ வெறும் 15.

ஒவ்வொரு சாலைப் பணிக்கு முன்னும் பின்னும் காற்றை அளந்து, அந்த எண்ணைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வையுங்கள். ஜல்லி, எம்-சாண்ட் லாரிகள் தார்ப்பாய் இல்லாமல் ஊருக்குள் நுழையக் கூடாது. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அவற்றைப் புறவழிச்சாலையிலேயே நிறுத்துங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி