செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு புதிர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு வியாபார நாள் என்பதால் எனக்கு வார விடுப்பு செவ்வாய். பல வருடம் அன்றைக்குப் பத்து மணி வரை தூங்கி, தலைப்பாரத்தோடு எழுந்து, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். புதன்கிழமை கொட்டாவி விட்டபடியேதான் சேலையை விரித்துக் காட்டுவேன்.

அதிகாலை 4 மணிக்கு எழு, பச்சைத் தண்ணீரில் குளி என்கிற யோசனையெல்லாம் எனக்கு ஒத்துவரவில்லை. விடுப்பிலும் பட்டாளமா? மற்ற நாள் 5.30க்கு எழுகிறவன் செவ்வாயில் 6.30க்கு எழுகிறேன், அவ்வளவுதான். உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் ஒரு மணி நேரத்தைத் தாங்கிக்கொள்கிறது. நாலு மணி நேரம் தள்ளினால் குழம்பிவிடுகிறது.

செல்போன் அலமாரியில் கிடக்கும். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து ஆத்தங்குடிக் கல் வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும். அதில் நின்றபடி ஒரு சொம்பு தண்ணீர். அப்புறம் காலை வெளிச்சத்தில் ஊருணிக் கரையை மெதுவாக இரண்டு சுற்று. திரும்பும்போது அப்பத்தா பணியாரச் சட்டியில் முதல் ஈடு எடுத்திருப்பார். சின்ன வெங்காயம், மிளகாய் தாளித்துப் போட்ட காரப் பணியாரம். எட்டுக்கு மேல் அவரும் எண்ணுவதில்லை, நானும் எண்ணுவதில்லை. (அதையும் ஆரோக்கியக் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை.)

ஒரே குறை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தால் குறுக்கெழுத்தைக் காணோம். ஞாயிறு மட்டும்தான் போடுகிறீர்கள். ஞாயிறும் வேலை பார்க்கிற எங்களுக்காகச் செவ்வாயும் ஒன்று போட்டால் என்ன?

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர்,
கானாடுகாத்தான்.