அந்த நீலக் கார் எந்த மட்டில் நிற்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பெரியப்பா வீட்டு விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது, அதை அம்மா விவரமாகச் சொல்வாள். போனில் பேசினால் இரண்டு தடவை "சரிப்பா" சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து நிதானமாகப் படி.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு சக்கர ரேஸ் கார் டிரெல் பி34, அதன் சின்ன மாடல். நீலம் அருமையாக விழுந்திருக்கிறது சாமி. மூக்குப் பக்கத்து வளைவில் ட்யூப்லைட்டின் கோடு நெளியாமல் நேராகத் தெரிகிறது. பெயின்டருக்கு அதுதான் பரீட்சை. ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம், இருந்தால் அந்தக் கோடு நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் கார் பெயின்ட் பட்டறையில் வேலை பார்க்கும் பையன்களிடம் காட்டினேன். விரல் நீளத்துக்கு இருக்கிற பாகத்தில் இப்படி அடிக்க முடியுமா என்று வாயைப் பிளந்தார்கள். என் மகன் அடித்தது என்று சொன்னேன்.

அவர்களுக்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். நிஜக் காரில் அடியில் பிரைமர், நடுவில் கலர், மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் எல்லாம் சேர்ந்தே சுமார் 100 மைக்ரான்தான் வரும். அதே கனத்தை 1:20 அளவு மாடலில் அடித்தால், நிஜக் காரில் 2 மில்லிமீட்டருக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம். கதவுக் கோடு, மூடிக் கோடு எல்லாம் மூடிப்போகும். மெட்டாலிக் என்றால் இன்னும் கஷ்டம். நம் டப்பாவில் இருக்கும் மினுக்குத் தூள் மாடலில் ஜிகினா ஒட்டியது மாதிரி தெரியும். அதனால்தான் நீங்கள் தின்னரைக் கூட்டி, காற்றைக் குறைத்து, பனி படிகிற மாதிரி நாலைந்து மெல்லிய பூச்சாகப் போடுகிறீர்கள். இதையெல்லாம் நீயாகக் கற்றுக்கொண்டாய். நான் பெரிய கையில் செய்ததை நீ சின்னக் கையில் செய்கிறாய். உன் மாமா "இந்த வயசிலும் பொம்மைக் காரா" என்று கேட்டார். ஒரு வார்னிஷ் வேலையைக்கூட உருப்படியாக முடிக்காத ஆள் இதைப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான், பரவாயில்லை.

ஆனால் அந்தப் போட்டோவில் இன்னொன்றையும் பார்த்தேன். மேசைமேல் சின்ன பாட்டிலில் ஹார்டனர் இருக்கிறது. பின்னால் ஜன்னல் இறுக மூடியிருக்கிறது. அங்கே குளிர், தெரியும். கனடாவில் ஜனவரியில் ஜன்னலைத் திற என்று சொல்கிறவன் பைத்தியக்காரன் என்று நினைப்பாய். ஆனாலும் திற. இறுகுவதற்காக ஹார்டனர் கலக்கிற டூ-கே கிளியரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அப்புறம் கொஞ்சம் வாடை பட்டாலே மூச்சு திணறும். நம் பட்டறையில் இருந்தவர் ஒருவர் இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். துணி மாஸ்க், மருந்துக்கடை மாஸ்க் எதுவும் உதவாது. அவை தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய கேட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். அந்தக் கேட்ரிட்ஜையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவியை வெளியே இழுத்துவிடுகிற சின்ன பூத் மேசைமேல் வைக்கிற அளவில் கிடைக்கிறது என்று நீதான் சொன்னாய். இன்னும் வாங்கவில்லையே, ஏன்?

பெட்டி பெட்டியாக மாடல் கிட் வாங்கக் காசு இருக்கிறது. அதே போட்டோவில் தமியா கம்பெனி கிட் பெட்டிகள் எதிர் நாற்காலியில் முதுகு உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. உறை பிரிக்காத பெட்டிகள். உட்காருகிற நாற்காலியில் ஏன் அடுக்கினாய்? அது மருமகள் உட்காருகிற நாற்காலி இல்லையா. போன வருஷத்து போட்டோக்களில் எல்லாம் அவள் கை வந்துவிடும், இடுக்கியைப் பிடித்தபடி.

வேறொன்றும் நினைத்துக் கேட்கவில்லை. டிகால் விஷயத்துக்காகத்தான் கேட்கிறேன். காரில் ஒட்டுகிற நம்பர், எழுத்து எல்லாம் அச்சடித்த டிகால் தாள் இன்னும் வெட்டாமல் முழுசாக மேசை ஓரத்தில் கிடக்கிறது. டிகால் ஒட்டிய பிறகுதானே கிளியர் அடிக்க வேண்டும்? கலர் முடிந்து இத்தனை நாளாக வேலை ஏன் அப்படியே நிற்கிறது? டிகால் எல்லாம் அவள்தான் ஒட்டுவாள், உன் கை நடுங்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தண்ணீரில் ஊறவைத்து, விரலால் தொடாமல், பிரஷ் நுனியால் நழுவவிட்டு, அடியில் காற்றுக் குமிழி இல்லாமல் பஞ்சால் ஒற்றி எடுப்பாள். அந்தப் பொறுமை உனக்கு வராது. எனக்கும் வராது. சும்மா போட்டுவைத்தால் டிகால் நாளாக ஆக மஞ்சளாகும். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயிலில் காட்டினால் மஞ்சள் கொஞ்சம் போகும் என்று நீதான் சொன்னாய். ஆனால் பழசாகிவிட்டால் தண்ணீரில் போட்டதுமே துண்டுதுண்டாக உடையும். அதற்கு வெயிலும் உதவாது. தள்ளிப்போடாதே.

இந்தக் காரைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னதே நீதான். செட்டிபாளையம் டிராக்கில் ரேஸ் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாய். டெரிக் கார்ட்னர் என்கிற வடிவமைப்பாளர் முன்பக்கம் 10 அங்குல ரிம்மில் நாலு குட்டிச் சக்கரம் வைத்தார். சக்கரம் சின்னதாக இருந்தால் மூக்குக்குப் பின்னால் மறைந்துகொள்ளும், எதிர்க்காற்றில் அடிபடாது. சின்னதானதால் குறைகிற பிடிமானத்தை நாலு வைத்து ஈடுகட்டலாம். 1976இல் ஸ்வீடன் ஆண்டர்ஸ்டார்ப்பில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸில் இந்த வண்டியை ஓட்டிய ஜோடி ஷெக்டர் முதலாவது, பாட்ரிக் டெபாயே இரண்டாவது. முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஓட்டுகிறவர் பார்ப்பதற்காகக் காக்பிட் ஓரத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல்கூட வைத்தார்கள். (மாடலில் அந்தக் கண்ணாடிக்கு சூப்பர் குளூ போடாதே, வெள்ளையாகப் பூத்துவிடும். போட்டிருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.)

அவ்வளவு நல்ல வண்டி ஏன் 1977க்கு மேல் ஓடவில்லை என்று நான் கேட்டேன். மற்ற எல்லா வண்டிக்கும் போடுகிற பெரிய டயரை மேலும் மேலும் நன்றாக்கிக்கொண்டே போனார்கள், இந்த ஒரு வண்டிக்கு மட்டும் வேண்டிய குட்டி டயரை அந்த அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை, பின்னால் ஒரு தரம், முன்னால் ஒரு தரம் என்று ஆகிவிட்டது, வண்டி மேல் தப்பு இல்லை என்றாய். அன்றைக்கு எனக்கு அது டயர் கதையாகத்தான் பட்டது. இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொன்னீர்கள். அப்புறம் லீவு இல்லை என்றாய். சரி. வேலை என்றால் வேலைதான். ஆனால் அம்மா மருமகளுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. உன்னைக் கேட்டால் "பிசியா இருக்கா" என்கிறாய். அம்மா புடவை எடுத்து பீரோவில் வைத்திருக்கிறாள். அதைத் தபாலில் அனுப்பலாமா, எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கச் சொன்னாள். நீ என்ன சொன்னாலும் நாங்கள் கேட்டுக்கொள்வோம். உன்னையும் திட்டமாட்டோம், அவளையும் ஒரு சொல் சொல்லமாட்டோம். அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே பட்டறைக்கு வந்து, பெயின்ட்டைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரில் எத்தனை நம்பர் உண்டு என்று என்னிடம் கேட்டவள். அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கிளியர் காய்ந்ததும் அவசரப்பட்டுத் தேய்க்காதே. டூ-கே என்றாலும் ஓரிரு நாள் விடு. 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து லேசாக ஓட்டு, ஓரங்களில் மட்டும் கை வைக்காதே, அங்கேதான் கலர் வரைக்கும் தேய்ந்துவிடும். பிறகு பளபளப்புக்குக் கம்பவுண்ட் போட்டுத் தேய். அடிக்கும்போது ஜன்னலைத் திற. முகமூடி போடு. சமைத்துச் சாப்பிடு, ரொட்டியைத் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க மாடலோடு உட்காராதே.

ஷெக்டரின் 3ஆம் நம்பரா, டெபாயேயின் 4ஆம் நம்பரா, எதை ஒட்டப்போகிறாய் என்று நீ சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடமும் கொஞ்சம் பேசு. அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் வேண்டுமென்றால், காலையில் ஏழு மணிக்கு நான் பட்டறையில் தனியாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா