எஸ்கம் சர்ச்சின் சாவி எதிர்வீட்டில் தொங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் வட இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், டர்ஹாம் பக்கத்து எஸ்கம் ஊருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. பழைய சர்ச், பூட்டியிருந்தது, வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. நான் போனபோதும் பூட்டித்தான் இருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் சாவி தொங்கியது, எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஏழாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. பக்கத்தில் பின்செஸ்டரில் பாழாய்க் கிடந்த ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். வடபுறச் சுவரில் ரோமானியப் படையின் ஆறாம் படையணிப் பெயர் வெட்டிய கல் ஒன்று தலைகீழாக இருக்கிறது. கட்டியவருக்கு அது வெறும் கல். இன்னும் சில கற்களில் சாய்சதுரம் சாய்சதுரமாக உளிக்கோடுகள். அவற்றை முதல் நாள் நானும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பென்சிலில் வரைந்துகொண்டு வரும்போதுதான், இந்தக் கல் ஏன் பக்கத்துக் கல்லைப் போல இல்லை என்று கண் அங்கேயே நின்றது.

இதைச் சொல்லும்போது பழையதும் நினைவுக்கு வருகிறது, மன்னிக்கவும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹெக்ஸம் அபே என்ற பழைய மடாலய சர்ச்சின் நிலவறையை வரைந்து அனுப்பினேன், ஏழாம் நூற்றாண்டு பிஷப் வில்ஃப்ரிட் காலத்து அறை, அதுவும் ரோமானியக் கல்தான். படிக்கட்டை வெட்டிவிட்டு மேல்பாதியை மட்டும் போட்டீர்கள். இறங்கிப் போகிற இடம் அது, படி இல்லாமல் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? அடுத்த முறை அனுப்பியதற்கு, புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. 1797இல் ஓவியர் டர்னர், 22 வயதில், நோட்டும் பென்சிலுமாக இதே வடக்குப் பகுதி முழுக்கச் சுற்றி வரைந்தவர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கும் முன்னால் ஒரு கட்டுரையில் வடக்கிலேயே பழைய சர்ச் டர்ஹாம் கதீட்ரல் என்று அச்சாகியிருந்தது. அதைக் கட்ட ஆரம்பித்ததே 1093இல். அதே வடக்கில், ஜாரோ ஊர் சர்ச்சில் 685ஆம் வருடம் ஏப்ரல் 23 என்று தேதி வெட்டிய அர்ப்பணிப்புக் கல் இன்றும் வளைவுக்கு மேலே இருக்கிறது, கழுத்தை நிமிர்த்தினால் தெரியும். அன்றும் எழுதினேன், திருத்தம் வரவில்லை.

நான் உங்கள் பழைய வாசகி. சந்தாவை நிறுத்தப் போவதில்லை. கேட்பது இவ்வளவுதான்: எஸ்கம் சாவி எதிர்வீட்டில் கிடைக்கும் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். படித்துவிட்டுப் போகிற யாராவது ஒருவராவது கதவைத் திறந்து உள்ளே போகட்டும். சர்ச்சின் வடபுறச் சுவரை வரைந்த படம் இத்துடன் இருக்கிறது. இடமில்லை என்றால் போட வேண்டாம், தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, நியூகாசில்