செம்பனைக்கு மேலே வரிசை விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் பொழுது சாய்ந்த நேரம், தோட்டத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். செம்பனை மரங்களுக்கு மேலே புள்ளி புள்ளியாக வெளிச்சம், நூல் பிடித்த மாதிரி நகர்ந்தது. கடைக்காரர் ரொட்டியைத் திருப்ப மறந்து கருக விட்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் இதே பேச்சு. வேற்றுக்கிரகத்தார்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். என் மகள்தான் அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்றாள். ஏவிய புதிதில் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் போகுமாம்.

அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை 'புளூ புக்' என்ற பெயரில் இப்படிப்பட்ட புகார்களை விசாரித்தது. மொத்தக் கணக்கு 12,618. பெரும்பாலானவை நட்சத்திரம், பலூன், விமானம் என்று தெரிந்துபோனது. அடையாளம் தெரியாமல் நின்றவை 701. நம்மவர்கள் பிடித்துக்கொள்வது இந்த 701ஐத்தான்! தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அவ்வளவுதானே?

பிரான்சில் 1977 முதல் தேசிய விண்வெளி மையத்திலேயே இதற்கொரு பிரிவு உண்டு. பார்த்தவர் எழுதிக் கொடுக்கலாம். முடிவை இணையத்தில் போடுகிறார்கள். நம் மலேசிய விண்வெளி நிறுவனமும் தமிழில் அப்படி ஒரு படிவம் வைத்தால் என்ன? நான் குறித்து வைத்திருக்கிறேன்: மாலை மணி 7.48, ஆலைப் புகைபோக்கிக்கு வலப்பக்கம்.

தோட்ட வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்