மூன்று செ.மீ. மீன்கொத்தி

வேலூர்

அன்புள்ள மகளுக்கு,

புதிய வீட்டின் கூடத்துச் சுவருக்கு ஒரு பெரிய மீன்கொத்திப் படம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ கேட்ட சிறுநீல மீன்கொத்தியைத்தான் வரைந்து அனுப்பியிருக்கிறேன்; ஆனால் படம் பெரிதல்ல என்பதை உறையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். எந்த உருவத்தையும் அதன் இயல்பான அளவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வரைவது நுண்ணோவியர் பலர் கைக்கொள்ளும் வழக்கம். அலகு நுனியிலிருந்து வால் வரை ஏறத்தாழ 16 செ.மீ. நீளமுள்ள இந்தப் பறவை, அந்தக் கணக்கில் மூன்று செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கி, அதைப் பார்த்தே வரையலாமே என்று நீ கேட்பாய். காவேரிப்பாக்கம் ஏரியில் மழைக்காலத்துக்குப் பின் நீர் நிறைந்திருக்கும்போது, மதகின் அருகே தாழ்ந்த கிளையொன்றில் இது வந்து அமர்வதைப் பார்த்திருக்கிறேன். கழுத்தே இல்லாததுபோல் குறுகி உட்கார்ந்திருக்கும் பறவை, மீன் கண்ணில் பட்டதும் உடலை நிமிர்த்தித் தலையை மேலும் கீழும் அசைத்துத் தொலைவை அளந்துகொண்டு, பிறகே தலைகீழாகப் பாய்கிறது. புகைப்படம் அந்த அசைவில் ஒரு கணத்தை மட்டும் வெட்டியெடுத்து, நம் கண் அந்தத் தொலைவிலிருந்து காணவே முடியாத இறகுகளையெல்லாம் எண்ணிக் காட்டுகிறது. மூன்று செ.மீ.யில் அத்தனைக்கும் இடமில்லை. எவற்றை விடுவது என்று முடிவு செய்ய, பறவையைப் பார்த்துப் பென்சிலால் கிறுக்கிய கோடுகளே எனக்குத் துணை நிற்கின்றன.

மிகவும் கடினமானது அந்த நீலம். வயிற்றின் செம்மஞ்சள் சாயத்தால் அமைந்தது. முதுகின் நீலமோ, இறகிழைகளுக்குள் உள்ள மிக நுண்ணிய பஞ்சு போன்ற அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. அடர்ந்த வர்ணத்தை ஒரே பூச்சாகப் பூசினால் அது செத்துப்போகும். ஆகவே மெல்லிய நீலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின்னரே ஏற்றினேன். அப்போதுதான் ஒளி வர்ணத்தை ஊடுருவி, அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புகிறது. தொண்டையிலும் கழுத்தின் பக்கத்திலும் நீ காணும் வெள்ளை, பூசியதன்று. வர்ணம் படாமல் விட்ட தாள்தான். கண்ணின் ஒளிப்புள்ளியும் அப்படியே.

சிறிய படத்துக்கு மிகச் சிறிய தூரிகை வேண்டும் என்று கடைக்காரர்கூடச் சொல்கிறார். நம் ஊர் வெயிலில் அது வீண். மயிர் குறைந்த தூரிகையில் ஏறிய துளி நீர், தாளைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். வயிறு பருத்து நுனி மட்டும் கூர்ந்திருக்கும் தூரிகையே நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஜஹாங்கீர் அவையில் பறவைகளை வரைந்த மன்சூரின் காலத்து ஓவியர்கள் அணில் மயிரால் தூரிகை கட்டிக்கொண்டார்கள். எனக்குச் சென்னையிலிருந்து தபாலில் வருவது போதும்.

கீழ் அலகு செந்நிறமாக இருப்பதைக் கவனி. ஆணுக்கு இரண்டு அலகும் கறுப்பு. இது பெண் பறவை. உனக்கு அனுப்புவதால் பெண்ணையே தேர்ந்தெடுத்தேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

கூடத்துச் சுவரில் மாட்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு நீலப் புள்ளியாகத்தான் தெரியும். ஆதலால் நீ உட்கார்ந்து படிக்கும் மேசைக்கு நேரே, கண் மட்டத்தில் மாட்டிக்கொள். சன்னல் வெயில் நேராகப் படும் இடம் மட்டும் வேண்டாம், நீர்வர்ணம் நாளடைவில் வெளிறிப்போகும். சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் தடித்த அட்டை வைக்கச் சொல்; இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

அன்புடன்,
அப்பா